பனி பொய்த்த மார்கழியில் சுவிஸ் மலைகளை எடைபோட்ட ஒரு மட்டக்களப்புக் குடும்பம்: நிகழ்வு ஆய்வு

## பின்னணி

2016 ஓகஸ்ட் மாதம், மட்டக்களப்பு நகருக்கு மேற்கே உன்னிச்சைக் குளத்து நீரில் வேளாண்மை செய்யும் ஓர் ஊரைச் சேர்ந்த குடும்பம், சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் இருக்கும் மூத்த மகன் வீட்டுக்குப் போய்வர முடிவெடுத்தது. போகிறவர்கள் ஆறு பேர்: எழுபதை நெருங்கும் தகப்பன், இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கும் தாய், மகள், மருமகன், 11 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பேரப்பிள்ளைகள். தகப்பன் நீண்ட காலம் வட்டை விதானையாக இருந்தவர். எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று முறை வைத்து, சண்டை வராமல் பார்த்துக்கொண்ட மனிதர். இந்தப் பயணத்தின் முக்கியமான கேள்விகளை அவர்தான் கேட்டார்.

நான் மட்டக்களப்பில் பயண ஒழுங்குகள் செய்துகொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். வீசாப் பத்திரங்கள், விமானச் சீட்டு, காப்புறுதி என்பவற்றோடு எங்கள் பங்கு பெரும்பாலும் முடிந்துவிடும். அங்கே எங்கே தங்குவது, எந்த மலைக்குப் போவது என்பதை அங்குள்ள உறவுகள் பார்த்துக்கொள்வார்கள். இந்த முறை குடும்பத்துக்குள் கருத்து வேறுபாடு வந்ததால் எங்களையும் உட்கார வைத்தார்கள். அவர்களின் சம்மதத்தோடு, ஆள் அடையாளம் தெரியாதபடி இதை எழுதுகிறேன். அவர்கள் தெரிவுசெய்த, தெரிவுசெய்யாமல் விட்ட மலை ஊர்களின் பெயர்களையும் விட்டிருக்கிறேன். ஒரு மாத நிலவரத்தை ஓர் ஊரின் பெயரோடு நிரந்தரமாக ஒட்டிவைப்பது நியாயமில்லை.

அவர்கள் எதிர்பார்த்தது ஒன்றல்ல. பிள்ளைகளுக்குப் பனியில் விளையாட வேண்டும். பேர்ணில் வளர்ந்த மூத்த மகனின் பதின்ம வயதுப் பையன்கள், அதாவது இந்தப் பிள்ளைகளின் மச்சான்மார், இருவருக்கும் பனிச்சறுக்கு. மருமகனுக்கு அதை ஒரு தடவை பழகிப் பார்க்கும் ஆசை. தாய் கேட்டது ஒன்றே ஒன்று: "ஸ்னோ கொட்டுறத ஒருக்காக் கண்ணால பாக்கணும்."

மகன் ஓகஸ்டிலேயே பேர்ண் மலைப்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்திலுள்ள கிராமம் ஒன்றில், டிசம்பர் 24 முதல் 31 வரை ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துவிட்டார். ரயிலில் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். பல வருடங்களுக்கு முன் இதே கிழமையில் அங்கே போனபோது வாசற்படியில் முழங்கால் அளவு பனி கிடந்தது என்பது அவர் சொன்ன காரணம். வாடகை ஒப்பந்தத்தில், தங்கும் நாளுக்கு 14 நாள் முன்புவரை நிறுத்தினால் பாதிப் பணம் திரும்பும், அதற்குப் பின் ஒன்றும் திரும்பாது என்று இருந்தது. ஆகவே டிசம்பர் 10 கடைசி நாள். ஒரு பிராங்க் அப்போது 150 ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. பாதி வாடகை என்பது மட்டக்களப்புக் கணக்கில் சிறிய தொகையல்ல.

## அந்த ஆண்டு எப்படி இருந்தது

நவம்பரில் அல்ப்ஸ் மலைகளில் பனி விழுந்தது. படங்கள் வந்தன, எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். பிறகு தெற்கிலிருந்து மலையைத் தாண்டி இறங்கும் சூடான காற்று அதில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. இந்தக் காற்றை அங்கே 'ஃபோன்' (Föhn) என்பார்கள். டிசம்பரில் உயர் அமுக்கம் நகராமல் நின்றது. மலைகளில் நாள் முழுக்க வெயில், பகலில் மார்கழிக்கு ஒவ்வாத வெப்பம். பள்ளத்தாக்குகளில் குளிர்ந்த காற்று அடியில் தேங்கி மூடுபனி. சுவிற்சர்லாந்தின் பல பகுதிகளில் அந்த டிசம்பர், அளவீடு தொடங்கிய காலத்திலிருந்து பதிவான மிக வறண்ட டிசம்பர்களில் ஒன்றாக முடிந்தது. மாதக் கடைசியில் கிறபுண்டன் மாநிலத்தின் தென்பகுதிப் பள்ளத்தாக்குகளில் காட்டுத் தீ எரிந்தது. நத்தார் கிழமையில், பனி கிடக்க வேண்டிய காட்டில்.

அது தனியான ஒரு கெட்ட ஆண்டும் அல்ல. 2014, 2015 டிசம்பர்களிலும் பருவத்தின் தொடக்கம் மெலிந்தே இருந்தது. சுவிஸ் அளவீட்டு நிலையங்களின் பதிவுகளை வைத்து 2016இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 1970உடன் ஒப்பிட்டால் அங்கே பனிப் பருவம் சராசரியாக 12 நாள் பிந்தித் தொடங்கி 26 நாள் முந்தி முடிகிறது. அந்த நிலையங்கள் ஏறத்தாழ 1,100 மீற்றர் முதல் 2,500 மீற்றர் வரையான உயரங்களில் உள்ளவை. மகன் நினைவில் வைத்திருந்த முழங்கால் பனி பொய்யல்ல. ஆனால் அது வேறொரு காலத்தின் டிசம்பர்.

அதே நாட்களில் மட்டக்களப்பிலும் மாரி பொய்த்துக்கொண்டிருந்தது. 2016/17 பெரும்போகத்தில் நாடு கண்டது நாற்பது வருடங்களில் மிகக் கடுமையான வரட்சி என்று பின்னர் சொல்லப்பட்டது. விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர்தான் பயணத்துக்கும் ஆயத்தமானார். இதைச் சொல்லாமல் அவர் கேட்ட கேள்விகளை விளங்கிக்கொள்ள முடியாது.

## அறிக்கை சொன்னதும் கமரா காட்டியதும்

நவம்பர் கடைசியில் மகன், வீடு எடுத்த கிராமத்தின் பனிச்சறுக்குத் தலம் வெளியிட்ட பனி அறிக்கையைப் படம் பிடித்து அனுப்பினார். மலையில் 40 சென்ரிமீற்றர், ஊரில் 0. சறுக்குவோரை மலைமேல் ஏற்றும் லிஃப்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஓடின. "நாற்பது சென்ரிமீற்றர் இருக்குத்தானே, இன்னும் ஒரு மாதம் கிடக்கு" என்பது அவர் வாதம். வைபர் அழைப்பில் இதையே திரும்பத் திரும்பச் சொன்னபோது தகப்பன் குறுக்கிட்டார்:

"மனே, குளத்துல இத்தனை அடி நிக்கிதெண்டா, கடைசி வாய்க்கால் வயலுக்குத் தண்ணி வந்திட்டெண்டு அர்த்தமா? உச்சியில உள்ளத விடு. இந்தச் சின்னப் புள்ளையள் நிக்கப்போற இடத்துல என்ன கிடக்கெண்டு சொல்லு."

எங்கள் மதிப்பீடு முழுவதும் அந்தக் கேள்வியிலிருந்துதான் வளர்ந்தது. மலை உச்சி அளவு என்பது பெரும்பாலும் தலமே அளந்து தலமே வெளியிடும் எண். எங்கே, எந்தச் சரிவில் அளந்தார்கள் என்று அறிக்கை சொல்வதில்லை. வடக்குப் பார்த்த, நிழலான, காற்று பனியைக் கொண்டுவந்து குவிக்கும் பள்ளத்தில் அளந்தால் நாற்பது வரும். அதே உயரத்தில் தெற்குப் பார்த்த சரிவு புல்லாகக் கிடக்கும். தாவோசிலுள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் நாடு முழுவதற்குமான பனி ஆழ வரைபடங்களை வெளியிடுகிறது. வியாபார நோக்கம் இல்லாத அந்த வரைபடத்தைத் தல அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்தபோது, 1,500 மீற்றருக்குக் கீழே ஏறத்தாழ ஒன்றுமில்லை என்பது தெளிவானது.

பிறகு வெப் கமராக்கள். மாரிகாலத்தில் அங்குள்ள நேரம் எங்களைவிட நாலரை மணித்தியாலம் பின்தங்கியது. எங்களுக்குப் பகல் 12.30 ஆகும்போது அங்கே காலை 8. மாலை 5.30இல் அங்கே பகல் 1 மணி. ஒரே கமராவை இந்த இரண்டு வேளையிலும் பார்த்து வந்தோம். காலைப் படம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். உறைபனி புல்லின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும். பகல் படத்தில் அது மறைந்து, எஞ்சுவதுதான் பனி. லிஃப்ட் தூண்களைச் சுற்றிக் கபில நிற வட்டம் தெரிகிறதா, சறுக்குப் பாதையின் விளிம்பில் மண் தெரிகிறதா, அந்த விளிம்பு நாளுக்கு நாள் உள்ளே நகர்கிறதா என்று பார்த்தோம். மகன் எடுத்த கிராமத்தில் விளிம்பு உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது.

ஆனால் ஒரு விஷயம் எங்கள் எண்ணத்துக்கு மாறாக இருந்தது. கிராமத்துக்குக் கீழே, தொடக்கநிலைப் பயிற்சிச் சரிவு மட்டும் மெல்ல வெள்ளையாகிக்கொண்டு வந்தது. மேலே 1,600 மீற்றரில் வெயில் காய, கீழே 1,000 மீற்றரில் இரவிரவாகச் செயற்கைப் பனி அடித்திருக்கிறார்கள். இது முதலில் தலைகீழாகத் தெரிந்தது. காரணம் அந்த மாதத்தின் காற்று. தெளிந்த இரவுகளில் குளிர் பள்ளத்தில் தேங்கி நிற்கும், மேலே வெப்பம். செயற்கைப் பனிக்குத் தேவை வெறும் குளிரல்ல, உலர்ந்த குளிர். காற்றின் வெப்பத்தையும் ஈரலிப்பையும் சேர்த்துக் காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ −2.5 பாகைக்குக் கீழே இறங்கினால்தான் இயந்திரம் தெளிக்கும் துளி தரையைத் தொடுமுன் உறையும். காற்று நன்றாக உலர்ந்திருந்தால் வெப்பமானி 0 பாகையை ஒட்டி நின்றாலும் வேலை நடக்கும். ஈரலிப்பு ஏறினால் −2இலும் நடக்காது. உயரம் கூடினால் பனி கூடும் என்ற பொது நம்பிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது என்று அப்போது கண்டோம்.

## மேசையில் இருந்த தெரிவுகள்

முதலாவது, எடுத்த வீட்டையே வைத்துக்கொள்வது. பணம் போகாது, ஊர் அமைதி, ரயில் வசதி. பயிற்சிச் சரிவில் பிள்ளைகள் அரை நாளாவது விளையாடலாம். ஆனால் மச்சான்மாருக்குச் சறுக்க ஒடுங்கிய ஒரு வெள்ளைப் பட்டைதான் இருக்கும். தாய் கேட்ட பனிப்பொழிவுக்கு வாய்ப்பே தெரியவில்லை.

இரண்டாவது, பனியாற்றுக்குக் கீழே இருக்கும் உயர்ந்த தலம் ஒன்றுக்கு மாறுவது. சேர்மாற், சாஸ்-ஃபே போன்ற இடங்கள் கெட்ட ஆண்டிலும் தாக்குப்பிடிப்பது இந்தப் பனியாறுகளால்தான். சேர்மாற்றில் கேபிள் கார் 3,883 மீற்றர் வரை ஏறுகிறது, கோடையிலும் மேலே சறுக்குகிறார்கள். பேர்ணிலிருந்து 2007இல் திறந்த லோட்ஷ்பேர்க் அடிச்சுரங்கம் வழியாக விஸ்ப் நகருக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம் என்பதால் தூரமும் பெரிய தடையல்ல. மகனின் மனம் இப்போது இந்தப் பக்கம் சாய்ந்தது. எனக்கு இதில் மூன்று தயக்கம் இருந்தது. நத்தார் கிழமை வாடகை முந்திய வீட்டைப்போல் பல மடங்கு. கீழே உள்ள தலங்கள் மூடிக் கிடப்பதால் எல்லாரும் மேலேதான் வருவார்கள். பனி இருக்கும், நிற்க இடம் இருக்காது. எல்லாவற்றையும்விட, 3,000 மீற்றருக்கு மேலுள்ள நல்ல பனி சறுக்கத் தெரிந்தவர்களுக்கானது. கடல் மட்டத்தில் வாழ்ந்த, இரத்த அழுத்தமுள்ள ஒருவரைப் படிப்படியாகப் பழகவிடாமல் அவ்வளவு உயரத்துக்கு ஏற்றுவது சரியல்ல. உயரத்தால் வரும் தலையிடி, குமட்டல் வழமையாக 2,500 மீற்றருக்கு மேல்தான் தொடங்கும். குடும்பம் மட்டக்களப்பில் தங்கள் வைத்தியரைக் கேட்டது. 2,000 மீற்றருக்குக் கீழே தங்குங்கள், மேலே போனால் சிறிது நேரத்தில் இறங்கிவிடுங்கள் என்பது அவர் ஆலோசனை. ரிட்லிஸ் போன்ற 3,000 மீற்றர் உச்சிக்கு எல்லாருமாக ஒரு நாள் போவது என்ற யோசனையும் அதோடு நின்றது.

மூன்றாவது, எந்த இடத்திலும் ஒரு கிழமை கட்டுப்படாமல், பேர்ணில் மகன் வீட்டிலேயே தங்கி, இரண்டு நாள் முன்னதாகப் பார்த்து இடத்தைத் தெரிவுசெய்து போய்வருவது.

## டிசம்பர் 9 இரவு எடுத்த முடிவு

வெள்ளிக்கிழமை இரவு அழைப்பு நீண்டது. முடிவு மூன்றாவதை ஒட்டி அமைந்தது, ஒரு திருத்தத்தோடு. எடுத்த வீட்டை நிறுத்திப் பாதிப் பணத்தை விடுவது. டிசம்பர் 20 முதல் 22 வரை, பாடசாலை விடுமுறை தொடங்கும் முன், கிழமை நாட்களில் இரண்டு இரவு ஏறத்தாழ 1,900 மீற்றரில் உள்ள மேட்டுநிலக் கிராமம் ஒன்றில் தங்குவது. மச்சான்மாருக்குப் பாடசாலை என்பதால் அவர்கள் வர முடியாது; நத்தாருக்குப் பின் தங்கள் தகப்பனான மூத்த மகனோடு ஒரு நாள் பனியாற்றுத் தலத்துக்குப் போவார்கள்.

அந்த மேட்டுநிலக் கிராமத்தை ஏன் தெரிவுசெய்தோம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே திறந்திருந்த சறுக்குப் பாதைகள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கே. எண்ணை மட்டும் பார்த்தால் அது தோற்றிருக்கும். ஆனால் திறந்திருந்த பங்கில் பயிற்சிச் சரிவு இருந்தது, அதுவும் கிராமத்தின் பக்கத்திலேயே, வடக்குப் பார்த்த கிண்ண வடிவப் பள்ளத்தில். பகல் 1 மணிக் கமராப் படத்தில் அதன் விளிம்பு நாட்கணக்காக நகரவில்லை. அறிக்கையில் ஒரு வசனம் என் கவனத்தை இழுத்தது: பாதைகளில் இயந்திரப் பனி, பாதைக்கு வெளியே புல் தெரிகிறது, சறுக்கு வண்டிப் பாதையின் கீழ்ப்பாதி மூடியுள்ளது என்று அவர்களே எழுதியிருந்தார்கள். வேறொரு தலம் அதே நாளில், கமராவில் புல் தெரியத் தெரிய, 'சிறந்த நிலை' என்று போட்டிருந்தது. கெட்ட ஆண்டில் தன் குறையைத் தானே எழுதும் இடத்தை நம்பலாம் என்பது என் உறுதியான கருத்து. அதன் மற்ற எண்களும் அப்போதுதான் பெறுமதியாகின்றன.

மகனுக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. நத்தாரை எல்லாரும் ஒன்றாக மலையில் கழிப்பது அவருடைய பல வருடக் கனவு. அந்த இழப்பு உண்மையானது. பணத்தைவிட அதுதான் அவருக்கு வலித்தது. தங்கை சொன்ன ஒரு வசனத்தில்தான் சம்மதித்தார்: "அண்ணா, பச்சைப் புல்லுல எல்லாரும் ஒண்டா நிண்டு என்ன செய்ற?"

## மலையில் நடந்தது

டிசம்பர் 20 காலை போய்ச் சேர்ந்தார்கள். முதல் அரை நாள் சரியாக இருக்கவில்லை. காலையில் −6 பாகை. இயந்திரப் பனி கல்லாக இறுகியிருந்தது. இது வானத்திலிருந்து இதழ்களாக விழும் பனியல்ல. உறைந்த துளிகள், மணி மணியாக இருக்கும். உருட்டினால் ஒட்டாது, விழுந்தால் நோகும். இளைய பிள்ளை இரண்டு தடவை விழுந்து அழுதுவிட்டு உள்ளே போய்விட்டது. பதினொரு மணிக்குப் பின் வெயில் பட்டு மேல்தோல் இளகியதும் எல்லாம் மாறியது. மாலை மூன்று மணிக்கு நிழல் விழும்வரை இரண்டு பிள்ளைகளும் பனியை விட்டு உள்ளே வரவில்லை. மறுநாள் அவர்கள் காலைச் சாப்பாட்டை ஆறுதலாக முடித்து, பதினொரு மணிக்கே பிள்ளைகளை இறக்கினார்கள். மருமகன் மட்டும் இரண்டு மணி நேரப் பயிற்சி எடுத்தார். அன்று சரிவில் ஆட்கள் குறைவாக இருந்ததால் பயிற்றுநர் ஏறத்தாழ தனியாகவே கவனித்திருக்கிறார். நத்தார் கிழமையில் அது கிடைத்திராது.

தாய்க்கு முதல் இரவு நித்திரை சரியில்லை, மெல்லிய தலையிடி. கொண்டுபோன கருவியில் அழுத்தத்தைப் பார்த்தார்கள். வழமையை ஒட்டியே இருந்தது. மறுநாள் நன்றாக இருந்தார். 1,900 மீற்றரிலேயே இப்படியென்றால், உச்சிக்கு ஏற்றாமல் விட்டது சரி என்று மகளுக்குத் தோன்றியதாம்.

தகப்பன் செய்தது வேறு. சரிவுக்கு மேலே செயற்கைப் பனிக்காகக் கட்டியிருந்த நீர்த்தேக்கத்தைத் தேடிப் போயிருக்கிறார். பாதி வற்றிய நிலையில் இருந்தது. இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தொழிலாளியிடம் மருமகனை மொழிபெயர்க்க வைத்து, எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கேட்டார். ஒரு ஹெக்டேயருக்கு 30 சென்ரிமீற்றர் அடித்தளம் போட ஆயிரம் கனமீற்றருக்கு மேல் வேண்டும். அவர் அதை உடனே வயல் கணக்காக்கினார்: நிலம் முழுவதும் நாலு அங்குலத் தண்ணீர் கட்டுவதற்குச் சமம். அன்று இரவு என்னோடு பேசியபோது அவர் குரலில் கண்டுபிடித்தவரின் உற்சாகம் இருந்தது.

"தம்பி, குளிர் மட்டும் இருந்து காணாது. இவங்களுக்கும் குளம் வத்துது. மழையும் இல்ல, ஸ்னோவும் இல்ல, மறுகா எதால நிரப்புற? தண்ணி முடிஞ்சா எத்தனை குளிர் இரவு வந்தும் என்ன?"

இதை எந்தப் பனி அறிக்கையும் சொல்வதில்லை. வறண்ட டிசம்பரில் ஒரு தலத்தின் உண்மையான கையிருப்பு உச்சியின் பனி ஆழமல்ல. தேக்கத்தில் எஞ்சிய நீர்தான். அறிக்கைகளையும் கமராக்களையும் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குப் படாத ஒன்று, வாழ்நாள் முழுக்கக் குளத்துத் துருசு (மதகு) திறந்து மூடியவருக்கு முதல் பார்வையிலேயே பட்டது.

டிசம்பர் 27 மகனும் மச்சான்மாரும் பனியாற்றுத் தலத்துக்குப் போனார்கள். மேலே பனி நன்றாக இருந்தது. ஆனால் கீழ்ப்பாதி மூடியிருந்ததால் சறுக்கிக்கொண்டு ஊருக்கு இறங்க வழியில்லை; மேலே போன அத்தனை பேரும் மாலையில் அதே கேபிள் காரில்தான் இறங்க வேண்டும். காலையிலும் மாலையிலும் நீண்ட வரிசை. பையன்களுக்கு மிகுந்த சந்தோஷம். பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிவந்திருந்தால் அந்த வரிசையில் என்ன பாடு பட்டிருப்போம் என்று மகன் அன்றுதான் வாய்விட்டுச் சொன்னார்.

அடுத்த நாள் குடும்பமாக, நிறுத்திய வீடு இருந்த கிராமத்தையும் பார்க்கப் போனார்கள். பச்சைப் புல்வெளியின் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை. பயிற்சிச் சரிவு காலை முதல் நண்பகல் வரை ஓடியது. லிஃப்ட் சீட்டின் விலையைக் குறைத்திருந்தார்கள். மூடிய பாதைகளை வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள். அங்கே தங்கியிருந்தாலும் பிள்ளைகளுக்கு ஏதோ கிடைத்திருக்கும் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். மகன் கோபத்தில், "இது பழுதான இடம், இனி வரமாட்டன்" என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஊர் தன்னால் முடிந்ததைச் செய்து, முடியாததை மறைக்காமல் சொல்லியிருந்தது.

## ஜனவரியில்

மகள், மருமகன், பிள்ளைகள் பாடசாலை தொடங்குவதால் ஆண்டு பிறந்த கையோடு திரும்பினார்கள். பெரியவர்கள் வீசாக் காலம் முடியும்வரை பேர்ணில் நின்றார்கள். ஜனவரியின் முதற் கிழமையில் காலநிலை புரண்டது. பனி வந்தது, பின்னாலேயே கடுங்குளிர். சுவிற்சர்லாந்துக்கு அந்த ஜனவரி முப்பது வருடங்களில் மிகக் குளிர்ந்த ஜனவரியாக அமைந்தது. பேர்ண் நகரின் சொந்தக் குன்றான குர்ட்டன், 858 மீற்றர்தான், அதன் மேல் பனி கொட்டுவதைத் தாய் கண்ணால் பார்த்தார். பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை. அவர்கள் பார்த்தது தரையில் கிடந்த பனியை மட்டும். மூத்த பிள்ளை இதை இன்றும் குறையாகச் சொல்வதாக மகள் சொன்னார், அதை இங்கே பதியாமல் விட முடியாது.

டிசம்பரில் புல்லாகக் கிடந்த அந்த 1,000 மீற்றர்க் கிராமமும் ஜனவரி நடுப்பகுதியில் நல்ல நிலைக்கு வந்துவிட்டது. டிசம்பர்ப் படத்தை மட்டும் வைத்து அதைத் தள்ளியவர் பிழை விட்டிருப்பார். ஜனவரிப் படத்தை வைத்து அடுத்த நத்தாருக்கு வீடு எடுப்பவரும் பிழை விடுவார். ஆய்வாளர்கள் ஒரு தலத்தின் பனி நம்பகத்தைச் சொல்ல வைத்திருக்கும் பழைய அளவுகோலும் பல ஆண்டுகளையே கேட்கிறது: பருவத்தில் 100 நாளாவது 30 சென்ரிமீற்றர் பனி, அதுவும் பத்து ஆண்டில் ஏழு ஆண்டு. 2007இல் பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைப்பு இந்த வகைக் கணக்கில் அல்ப்ஸின் 666 தலங்களில் 609ஐ இயற்கையாகவே நம்பகமானவை என்றது. வெப்பம் 1 பாகை கூடினால் அது 500, 2 பாகை கூடினால் 404. தாழ்ந்த ஊர்களுக்கு இனிவரும் டிசம்பர்கள் இலகுவாக இராது.

## எங்கள் நடைமுறையில் மாறியவை

மிகப் பெரிய மாற்றம் மாதத்தில். எங்கள் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை டிசம்பரிலும் ஏப்ரலிலும் வருகிறது. எல்லாரும் பழக்கத்தில் நத்தாரைத் தேடுகிறார்கள். ஆனால் 2,000 மீற்றருக்கு மேலே பனி ஆழம் உச்சத்துக்கு வருவது மார்ச், ஏப்ரலில். தாழ்ந்த தலங்கள் அப்போது மூடிவிடும். உயர்ந்தவை பல சித்திரைப் புத்தாண்டுக்குப் பின்னும் ஓடும். பகல் நீளம், குளிர் குறைவு, வாடகையும் நத்தார் கிழமையைவிடக் குறைவு. பனியில் விளையாடுவதுதான் நோக்கம் என்றால் சித்திரை விடுமுறையை முதலில் பாருங்கள் என்று இப்போது சொல்கிறோம். பிள்ளைகளின் மச்சான்மாரோடு நத்தார் கொண்டாடுவது நோக்கம் என்றால், மலையில் வீடு எடுக்காமல் உறவினர் வீட்டில் தங்கி, இடத்தைக் கடைசி நாட்களில் தெரிவுசெய்யச் சொல்கிறோம்.

வாடகை நிறுத்தும் நிபந்தனையை விலைக்கு முன் கேட்கிறோம். டிசம்பர் நடுப்பகுதிக்கு முன் முடிந்துபோகும் தவணை பனி நிலவரத்தைப் பார்த்துத் தீர்மானிக்க உதவாது. பெரியவர்கள் போனால், வைத்தியர் சொல்லும் உயரத்தை முதலில் எழுதி, அதற்குக் கீழேயுள்ள இடங்களை மட்டும் பார்க்கிறோம். இந்தக் குடும்பத்தில் அது நடுவழியில்தான் வந்தது. முதலிலேயே வந்திருந்தால் உச்சித் தலங்களைப் பற்றிய பேச்சில் பாதி தேவைப்பட்டிராது.

தலங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது மலையில் எத்தனை சென்ரிமீற்றர் என்று கேட்பதை விட்டுவிட்டோம். பயிற்சிச் சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது, எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை திறந்திருக்கும், சறுக்கத் தெரியாதவர் மேலேயிருந்து எப்படி இறங்குவார், செயற்கைப் பனிக்கான தேக்கத்தில் எவ்வளவு நீர் எஞ்சியிருக்கிறது என்பவையே இப்போதைய கேள்விகள். கடைசிக் கேள்வி விதானையாருடையது. அதை முதன்முதலில் இரண்டு தலங்களுக்கு அனுப்பினோம். ஒன்றிலிருந்து அன்றே எண்ணோடு பதில் வந்தது. மற்றதிலிருந்து அழகான படங்கள் வந்தன. இரண்டையும் திகதி போட்டு அந்தந்தத் தலத்தின் கோப்பில் வைத்திருக்கிறோம்.